மனநோயும் குடும்பமும்: ஒரே ஒரு படம் திரையிடலாம் என்றால் எதை எடுப்பது?

மனநலம் குறித்த திரையிடலுக்குப் படம் தேடும்போது பேச்சு வழக்கமாக இரண்டு பக்கம் இழுக்கும். எந்தப் படத்துக்கு விருது கிடைத்தது என்று ஒருவர் கேட்பார். எந்தப் படம் நோயைச் சரியாகக் காட்டியிருக்கிறது என்று இன்னொருவர் கேட்பார். அரங்கில் பாதிப் பேர் வீட்டில் மனநோயாளி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் என்றால் இந்த இரண்டு கேள்விகளும் போதாது. அவர்கள் திரையில் நோயாளியை மட்டும் பார்ப்பதில்லை. கணவனை, அம்மாவை, மாமியாரை, தம்பியைப் பார்க்கிறார்கள். அங்கே தங்களைத்தான் தேடுகிறார்கள். ஆகவே முதலில் கேட்க வேண்டியது இது: நோய் வந்த வீட்டில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், அதைப் படம் எந்தக் கண்ணால் பார்க்கிறது?

இந்தக் கேள்விக்கு மருத்துவ அடிப்படையும் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வெளியேறிய மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளை 1950களில் லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடர்ந்து கவனித்தார். அவர்கள் யாரிடம் திரும்பிப் போனார்கள் என்பதைப் பொறுத்து நோய் மறுபடி தலைதூக்குவது மாறியது. அதிலிருந்து வளர்ந்த அளவுகோல் வீட்டாரிடம் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: குறைகூறல், பகைமை, அளவுமீறிய உணர்ச்சி ஈடுபாடு, பரிவு, பாராட்டு. 1976-இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் வெளியிட்ட ஆய்வு, குறைகூறலோ பகைமையோ அளவுமீறிய ஈடுபாடோ மிகுந்த வீட்டில் நோயாளி வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் உறவினரோடு முகத்துக்கு முகம் இருந்தாரா என்பதையும் சேர்த்துப் பார்த்தது. குடும்பம்தான் நோயை உண்டாக்குகிறது என்று இவை சொல்லவில்லை. வந்த நோய் திரும்ப வருவதில் வீட்டுச் சூழலுக்குப் பங்குண்டு என்கின்றன. அந்த வேறுபாட்டைப் பார்வையாளர் உணர உதவும் படம் எதுவோ அதுவே நல்ல தேர்வு.

பட்டியலில் நான்கு படங்கள் நிற்கின்றன: ஜான் கசவெட்டிஸின் 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' (1974), ராபர்ட் ரெட்ஃபோர்டின் 'ஆர்டினரி பீப்பிள்' (1980), இங்மர் பெர்க்மனின் 'த்ரூ எ கிளாஸ் டார்க்லி' (1961), சிபி மலயிலின் 'தனியாவர்த்தனம்' (1987).

கசவெட்டிஸ்: பெயர் வைக்கப்படாத நோய்

மேபல் லாங்கெட்டியாக ஜீனா ரோலண்ட்ஸ். கட்டுமானத் தொழிலாளியான கணவன் நிக்காகப் பீட்டர் ஃபாக். மூன்று குழந்தைகள். மேபலுக்கு என்ன நோய் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. ஸ்டுடியோப் பணம் இல்லாமல், கசவெட்டிஸ் வீட்டை அடமானம் வைத்தும் ஃபாக் தன் பணத்தைப் போட்டும் எடுத்த படம் இது. நோய்க்கு ஒரு பெயர் வை, கடைசியில் குணமாக்கு என்று மேலிருந்து சொல்ல ஆள் இல்லாத படம் என்பது காட்சிக்குக் காட்சி தெரிகிறது.

குடும்பத்தினருக்குக் காட்டுவதற்கு என் முதல் தேர்வு இதுதான். காரணம் ஒரே காட்சியில் அடங்கும். இரவு முழுக்க வேலை பார்த்த நிக், காலையில் தன் கூட்டாளிகள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்து வருகிறான். மேபல் எல்லோருக்கும் ஸ்பகெட்டி சமைத்துப் பரிமாறுகிறாள். ஒவ்வொருவரின் பெயரையும் கேட்கிறாள். ஒருவர் பாடத் தொடங்க, அவர் முகத்தருகே போய் வியந்து பார்க்கிறாள். இன்னொருவரை நடனமாட அழைக்கிறாள். அவர் கூச்சத்தில் தலைகுனிகிறார், அவள் விடவில்லை. எல்லை எங்கே தாண்டப்பட்டது என்று நம்மால் சொல்ல முடியாது, ஆனால் மேசை முழுவதும் அது உறைக்கிறது. அப்போது நிக் உட்காரச் சொல்லிக் கத்துகிறான். அறை அடங்கிப்போகிறது. சற்று நேரத்தில் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது நிக்கைத்தான். ஒரு நிமிடம் முன்புவரை அவளைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தவன் அவன். மற்றவர்கள் முன்னால் மானம் போகிறதே என்ற பயம் வந்ததும் அதே ஆள் கத்துகிறான். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எவரும் இந்தத் திருப்பத்தை அறிவார்கள். படம் நிக்கை வில்லனாக்கவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. அவன் அவளைக் காதலிக்கிறான், அறைகிறான், அவளுடைய விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனைக்கு அனுப்புகிறான், பிறகு குழந்தைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அவர்களுக்கே பியர் கொடுக்கிறான். மேலே சொன்ன அளவுகோலின்படி நிக் ஒரே ஆளாக மூன்று தலைப்பில் வருவான்: குறைகூறல், அளவுமீறிய ஈடுபாடு, அத்தோடு பரிவு. இந்த மூன்றும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதைப் பாடப்புத்தகம் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

பகைமைக்கு நிக்கின் தாய் இருக்கிறாள். அந்த வேடத்தில் நடித்தவர் கசவெட்டிஸின் சொந்தத் தாய் கேத்தரின். மேபலின் தாயாக வருபவர் ரோலண்ட்ஸின் சொந்தத் தாய் லேடி ரோலண்ட்ஸ். ஆறு மாதம் கழித்து மேபல் வீடு திரும்பும் நாளில் நிக் பெருங்கூட்டத்தையே அழைத்து வைத்திருப்பான். பிறகு அத்தனை பேரையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். எஞ்சிய உறவினர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வோர் அசைவிலும் பழைய மேபல் வருகிறாளா என்று காத்திருக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து வருபவரை முதல் நாள் எப்படி வரவேற்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் சினிமாவில் கிடைப்பது அரிது. கூட்டம் கூட்டாதே, நோட்டம் விடாதே, 'பழையபடி இரு' என்று கட்டளையிடாதே. மூன்றையும் நிக் ஒரே மாலையில் செய்கிறான்.

குறைகளும் சொல்லியாக வேண்டும். படம் நீளம், சுமார் இரண்டரை மணி நேரம். ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசும் காட்சிகள் நிறைய. மேபல் பிளேடை எடுக்கும் காட்சியும் குழந்தைகள் பார்க்க நிக் அவளை அடிக்கும் காட்சியும் கடுமையானவை. முடிவில் குணமும் இல்லை, தீர்வும் இல்லை. இருவரும் மேசையைச் சுத்தம் செய்து படுக்கையை விரிக்கிறார்கள், அவ்வளவுதான். நம்பிக்கை தேடி வந்தவர்களில் சிலர் இதில் ஏமாற்றம் அடைவார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று: 'எவ்வளவு அன்பு பார்' என்ற நெகிழ்ச்சியில் நிக்கின் அடி மறந்துபோவது. படத்துக்குப் பின் கலந்துரையாடலை நடத்தும் நெறியாளர் அதைப் பேசாமல் விடக் கூடாது.

ரெட்ஃபோர்ட்: பின்தொடர எளிது, பழி சுமத்தவும் எளிது

'ஆர்டினரி பீப்பிள்' 124 நிமிடம். சிறந்த படம், இயக்குநர், தழுவல் திரைக்கதை, துணை நடிகர் என நான்கு ஆஸ்கர். துணை நடிகர் விருது பெற்றபோது டிமோத்தி ஹட்டனுக்கு வயது 20. படகு விபத்தில் அண்ணன் பக் இறந்த பிறகு தம்பி கான்ராட் தற்கொலைக்கு முயன்று, நான்கு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கும் பள்ளிக்கும் திரும்பியிருக்கிறான். சிகாகோவுக்கு வடக்கே வசதியான ஒரு புறநகர், பெரிய வீடு, யாரும் உரக்கப் பேசாத உணவு மேசை.

காலை உணவுக் காட்சி இந்தப் படத்தின் சாவி. தாய் பெத் பிரெஞ்சு டோஸ்ட் தட்டை வைக்கிறாள். பசியில்லை என்கிறான் கான்ராட். வற்புறுத்தலோ கேள்வியோ இல்லை. அந்த நொடியே தட்டை எடுத்துத் தொட்டியில் கொட்டிவிடுகிறாள். ஒரு கடுஞ்சொல்கூட இல்லாமல் ஒரு பையனை மேசையிலிருந்து எழுப்பிவிடலாம் என்று மேரி டைலர் மூர் அந்தச் சில விநாடிகளில் காட்டிவிடுகிறார். குறைகூறலை எண்ணிக் கணக்கெடுக்கும் எந்த அளவுகோலிலும் இந்தத் தாய் தப்பிவிடுவாள். அதனாலேயே இந்தக் காட்சி பயிற்சி வகுப்புகளுக்குப் பொன் போன்றது.

கதை நேர்கோட்டில் போகிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுகிறார். படம் பார்த்துப் பழகாதவர்களுக்கும் சிரமம் இராது. பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது கசவெட்டிஸ் படத்தைவிடப் பொருந்தும். டொனால்ட் சதர்லேண்ட் நடித்த தந்தை கால்வின் மெல்ல மாறுகிறார், மகனின் மருத்துவரைத் தானே போய்ப் பார்க்கிறார். 'நோய் அவனுக்கு, நான் எதற்கு வர வேண்டும்' என்று கேட்கும் தந்தையருக்கு அந்த ஒரு காட்சி போதும்.

இரண்டு இடத்தில் படம் தவறான பாடம் தரக்கூடும். ஒன்று, ஓர் இரவில் மருத்துவர் பெர்கர் அறையில் கான்ராடின் குற்ற உணர்ச்சி வெடித்து வெளியே வருகிறது, அதற்குப் பிறகு அவன் தேறுகிறான். உண்மையில் உளவியல் சிகிச்சை ஒரே இரவில் திறந்துகொள்ளும் கதவு அல்ல. பல மாதச் சிகிச்சைக்குப் பிறகும் அப்படியொரு தருணம் வராத நோயாளிகளே அதிகம், அவர்களும் தேறுகிறார்கள். இதைச் சொல்லாவிட்டால், 'எங்கள் பையன் இன்னும் அழவே இல்லையே' என்று பெற்றோர் கவலையோடு வீட்டுக்குப் போவார்கள்.

இரண்டாவது தாய். கடைசியில் பெத் வீட்டைவிட்டுப் போகிறாள், தந்தையும் மகனும் அணைத்துக்கொள்கிறார்கள். பார்வையாளர் மனத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்: அம்மாதான் நோய். அரங்கில் தாய்மார் அதிகம் இருந்தால் இது நிஜமாகவே புண்படுத்தும். பெத்தின் துக்கத்துக்குப் படத்தில் இடம் உண்டு, ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டும். மூத்த மகனைப் பறிகொடுத்தவள் அவளும்தானே? அவளிடம் யாராவது அதைப் பற்றிப் பேசினார்களா? கலந்துரையாடலை இந்தக் கேள்வியில் தொடங்குங்கள்.

கான்ராடோடு மருத்துவமனையில் இருந்த கேரன் தற்கொலை செய்துகொண்ட செய்தி தொலைபேசியில் வருகிறது. காட்சி இல்லை, செய்தி மட்டுமே. ஆனாலும் சமீபத்தில் தற்கொலை முயற்சியைக் கண்ட குடும்பம் அவையில் இருந்தால் இந்தப் படத்தைத் தள்ளி வைப்பதே சரி.

பெர்க்மன்: நோயாளியின் முடிவு

ஒன்றரை மணி நேரம், நான்கே பாத்திரங்கள், ஸ்வீடனின் ஃபோரோ தீவு, ஏறக்குறைய ஒரு முழு நாள். வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் கரின், மருத்துவரான அவள் கணவன் மார்ட்டின், எழுத்தாளரான தந்தை டேவிட், பதினேழு வயதுத் தம்பி மினுஸ். மேல்மாடியில் வெற்று அறையின் கிழிந்த சுவர்த்தாளுக்குப் பின்னாலிருந்து கரினுக்குக் குரல்கள் கேட்கின்றன.

நான்கில் நோயின் உள்ளனுபவத்தை அதிகம் காட்டுவது இதுதான். ஹாரியட் ஆண்டர்சன் வெறும் சுவரைப் பார்த்து நிற்கும்போது, அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று நாமும் நம்பிவிடுகிறோம். குடும்பத்தைப் பற்றியும் கூரான ஒன்றைச் சொல்கிறது. மகளின் நோய் குணமாகாது என்பதையும், அது முற்றுவதைக் குறிப்பெடுக்கத் தனக்கு ஆசை எழுவதையும் தந்தை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மகள் அதைப் படித்துவிடுகிறாள். நோயாளியை ஆள் என்று பார்க்காமல் விஷயமாகப் பார்ப்பதன் குரூரம் அது. மருத்துவ, செவிலிய மாணவர்களுக்கு அந்தக் காட்சியை மட்டும் தனியாகக் காட்டினாலும் பயன்தான்.

இன்னொரு அருமை: இரண்டு உலகங்களுக்கு நடுவே இனி வாழ முடியாது என்று சொல்லி, மருத்துவமனைக்குத் திரும்ப முடிவெடுப்பது கரினே. மேபலைப் பிறர் அனுப்புகிறார்கள், கரின் தானே போகிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களிடம் சிகிச்சைக்கு நோயாளியின் சம்மதம் பற்றிப் பேசினால் பேச்சு வெகுதூரம் போகும்.

ஆனால் குடும்பத்தினர் கூட்டத்துக்கு இது வேண்டாம். அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே உடைந்த படகுக்குள் நடக்கும் பாலுறவு பற்றிய குறிப்பு படத்தின் நடுவிலேயே இருக்கிறது. அதன் பிறகு கலந்துரையாடல் வேறு எதையும் தொடாது. மேலும் கரினின் நோய் கடவுள் பற்றிய கேள்வியாகவே முடிகிறது. கடவுள் ஒரு சிலந்தியாக வருகிறார் என்ற அவளுடைய தரிசனம் சினிமா ரசிகர்களுக்குக் கிளர்ச்சி. நேற்றிரவு மகனின் மருந்து மாத்திரையோடு மல்லுக்கட்டிய தாய்க்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

தனியாவர்த்தனம்: நோயில்லாத நோயாளி

லோகிததாஸ் எழுதிய முதல் திரைக்கதை. மம்மூட்டி ஓவிய ஆசிரியர் பாலகோபாலன். தலைமுறைக்கு ஓர் ஆணுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்ற நம்பிக்கை ஊறிய பழைய தறவாடு (கேரளத்துப் பரம்பரைக் குடும்ப வீடு), மாடியறையில் சங்கிலியில் கட்டிய மாமன். மாமன் இறந்ததும் அடுத்தது யார் என்று ஊர் தேடத் தொடங்குகிறது. ஒரு கெட்ட கனவில் பாலன் அலறியது போதும். சந்தேகப் பார்வை பள்ளியிலிருந்து வீட்டுக்குள் வந்து, மனைவி மக்களைப் பிரித்து, கடைசியில் அவரை அதே மாடியறையில் கொண்டுபோய்க் கட்டுகிறது.

சமூகம் ஒட்டவைக்கும் முத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிப்படியாக, ஒரு கண்ணியும் விடாமல் காட்டும் படம். கல்லூரி மாணவர், ஆசிரியர், உள்ளூர்த் தலைவர்கள் கூடும் அவைக்கு நான்கில் இதுவே சிறந்தது. ஒரு பள்ளிக்கூடம் எந்த இடத்தில் அவரைக் காப்பாற்றியிருக்க முடியும், எந்த நண்பர் என்ன சொல்லியிருந்தால் கதை திரும்பியிருக்கும் என்று காட்சி காட்சியாகப் பேசலாம்.

ஆனால் பாலனுக்கு நோய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மையிலேயே மனச்சிதைவு உள்ள ஒருவரின் குடும்பம் இதைப் பார்த்துவிட்டு, 'எல்லாம் ஊர் கட்டிவிட்ட கதைதான், மருந்து எதற்கு' என்ற முடிவுக்கு வரலாம். மருந்தை நிறுத்துவதில் போய் முடியும் முடிவு அது. தாயே சோற்றில் விஷம் வைத்து மகனுக்கு ஊட்டித் தானும் உண்ணும் இறுதிக் காட்சி, பராமரித்துக் களைத்துப்போன பெற்றோர் முன்னால் காட்டத் தகாதது. கவியூர் பொன்னம்மா அதை அன்பின் முழுக்கனத்தோடு நடித்திருக்கிறார். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஒதுக்கிய இரண்டு

'தி ஸ்னேக் பிட்' (1948), கென் லோச்சின் 'ஃபேமிலி லைஃப்' (1971) இரண்டும் அடிக்கடி பரிந்துரைக்கப்படுகின்றன. முதலாவது அன்றைய அரசு மனநல விடுதிகளின் நெரிசலைக் காட்டிய முக்கியமான ஆவணம். அதில் வரும் மின் அதிர்ச்சிச் சிகிச்சை மயக்க மருந்து இல்லாத காலத்தது. இன்று மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்தே அதைச் செய்கிறார்கள் என்று விளக்காமல் காட்டினால் பயம் மட்டுமே மிஞ்சும். லோச்சின் படம் மனநல மருத்துவர் ஆர்.டி. லேங்கின் கருத்துகளிலிருந்து பிறந்தது. பெற்றோரே மகளை நோயாளி ஆக்குகிறார்கள் என்று வாதிடுகிறது. தாயைக் காரணமாக்கிய ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மனின் 1948 கருத்தும் வீட்டார் தரும் முரண்பட்ட செய்திகளைக் காரணமாக்கிய கிரிகரி பேட்சன் குழுவின் 1956 கோட்பாடும் அந்தக் காலத்தின் காற்றில் இருந்தவை. பிந்தைய ஆய்வுகள் அவற்றை ஆதரிக்கவில்லை. மனநல மருத்துவத்தின் வரலாறு படிப்பவர்களுக்கு இரண்டும் நல்ல படங்கள், பெற்றோர் அவைக்கு வேண்டாம்.

திரையிடும் நாளுக்கு

மொத்தம் நான்கு மணி நேரம் கிடைத்தால் கசவெட்டிஸ். மூன்று மணி நேரம்தான் என்றால் ரெட்ஃபோர்ட். கலந்துரையாடலுக்கு 40 நிமிடத்துக்குக் குறைவாகத்தான் நேரம் இருக்கும் என்றால் எந்தப் படத்தையும் போட வேண்டாம். பேசித் தணியாமல் வெளியே அனுப்புவது படமே காட்டாமல் இருப்பதைவிட மோசம்.

கசவெட்டிஸ் படத்தில் இடைவேளை விட ஒரே நல்ல இடம், மேபலை மருத்துவமனைக்கு அனுப்பும் காட்சி முடிந்து, நிக் மறுபடி வேலைத்தளத்தில் தெரியும் இடம். உங்கள் பிரதியில் அது எந்த நிமிடத்தில் வருகிறது என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள். வரவேற்புக் காட்சியின் நடுவில் நிறுத்தினால் படம் செத்துவிடும்.

சப்டைட்டில் கோப்பைத் தனியே சேர்க்கிறீர்கள் என்றால் ஃபிரேம் வேகத்தைப் பாருங்கள். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் பிரதிக்கு 25 ஃபிரேமுக்குச் செய்த கோப்பைப் போட்டால் தொடக்கத்தில் பொருந்தும், பிறகு நழுவும். இரண்டரை மணி நேரப் படத்தின் முடிவில் வித்தியாசம் ஆறு நிமிடம். முதல் அரை நிமிடத்தைச் சோதித்துவிட்டுச் சரி என்று விடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடைசிக் காட்சியையும் ஓட்டிப் பாருங்கள். பெர்க்மன் படத்தின் சட்டகம் ஏறக்குறைய சதுரம். புரொஜெக்டர் அதை அகலத்திரை முழுக்க நிரப்பினால் மேலும் கீழுமாகப் படத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு வெட்டுப்பட்டுப் போகும், அதில் முகங்களும் போகும். ஒலியைப் பொறுத்தவரை, மேபலின் முணுமுணுப்புக்கு அளவு வைத்துவிட்டு நிக் கத்தும் இடத்தில் ஒருமுறை சரிபாருங்கள். இல்லையேல் அரங்கில் பலர் திடுக்கிடுவார்கள். டிஸ்க் வாங்கியதாலேயே பொதுத் திரையிடல் உரிமை வந்துவிடாது, அதைத் தனியாகப் பெற வேண்டும்.

அழைப்பிலேயே மூன்று வரி எழுதுங்கள்: தற்கொலை முயற்சி, குடும்ப வன்முறை, கட்டாய மருத்துவமனை அனுமதி ஆகியவை படத்தில் உண்டு, இடையில் எழுந்து வெளியே போகலாம், வெளியே ஒருவர் இருப்பார். அந்த ஒருவர் உண்மையிலேயே இருக்க வேண்டும், ஆலோசகரோ மனநலச் செவிலியரோ. 25, 30 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அதைத் தாண்டினால் பேசுபவர்கள் மட்டுமே பேசுவார்கள். படம் முடிந்ததும் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள், விளக்கை மெதுவாக ஏற்றுங்கள்.

முதல் கேள்வி தவறினால் மாலை முழுதும் தவறும். 'மேபலுக்கு என்ன நோய்?' என்று யாராவது தொடங்கினால் அடுத்த அரைமணி நேரமும் நோய்ப் பெயர் ஏலத்தில் போய்விடும். படத்திலிருந்து ஒரு செயலைக் கையில் எடுங்கள். ஸ்பகெட்டி மேசையில் நிக் கத்தாமல் இருந்திருந்தால் அவன் வேறு என்ன செய்திருக்கலாம்? அந்தத் தொழிலாளர்களில் ஒருவர் என்ன செய்திருக்கலாம்? பராமரிப்பவர்கள் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாமலேயே தங்கள் அனுபவத்தைப் பேச இது வழிவிடும். சொந்தக் கதை சொல்லத்தான் வேண்டும் என்று யாரையும் நெருக்கக் கூடாது. நோயோடு வாழ்பவர் அவையில் இருந்தால் 'நீங்கள் சொல்லுங்கள், அப்படித்தான் இருக்குமா?' என்று அவரிடம் திரும்பவே கூடாது.

இரண்டு மாலைகள் கிடைக்குமானால் முதலில் ரெட்ஃபோர்ட், குறைந்தது ஒரு வாரம் விட்டுக் கசவெட்டிஸ். வரிசையை மாற்ற வேண்டாம். மேபலைப் பார்த்த பிறகு பெத்தும் கான்ராடும் மிகவும் ஒழுங்குபடுத்தப்பட்டவர்களாகத் தெரிவார்கள். ஆனால் பெத்தின் மௌனத்தைக் கண்டு பேசிப் பழகிய அவை, நிக்கின் கூச்சலை முதல் காட்சியிலேயே சரியாகக் கேட்கும்.